வீட்டுப் பூனைக்குக் கம்பிவலை முற்றம்: டர்பனில் கட்டியவர்கள் வழி சொல்லுங்கள்

பால்மியட்கரை | ஞாயிறு காலை

வணக்கம். நாங்கள் ரிசர்வாயர் ஹில்ஸில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்புறம் நிலம் சரிந்து பால்மியட் ஆற்றுக்கு இறங்குகிறது. மூன்று பூனைகள் இருந்தன, இப்போது இரண்டு. கருப்பனை மார்ச் மாதம் தெருமுனையில் ஒரு கார் அடித்துவிட்டது. யார் என்று தெரியாது. பால்காரர் வந்து சொன்னபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

அது நடந்து ஒரு வாரத்தில் சுந்தரி ஒரு பச்சோந்தியை வாயில் கவ்விக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். விரல் நீளம்தான் இருக்கும். எங்கள் வேலிச் செடியில் நான் பல மாதங்களாகப் பார்த்துவந்த அதே பச்சோந்தி. இந்தச் சிறிய இனம் முட்டையிடாது, குட்டி போடும். தென்னாப்பிரிக்காவை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அதன் வயிற்றில் குட்டிகள் இருந்தன. அதற்குமேல் எழுத மனம் வரவில்லை.

அன்றே கதவைச் சாத்திவிட்டேன். இரண்டு மாதமாகிறது. வெள்ளைக் கடுவன் முத்து பழகிக்கொண்டான். சுந்தரிக்கு முடியவில்லை. விடியற்காலையில் ஜன்னலில் ஏறி பர்க்லர் பார் கம்பியைப் பிறாண்டுகிறாள். அடிவயிற்றை நக்கி நக்கி முடியே இல்லாமல் செய்துகொண்டாள். அவளைத் திறந்துவிடவும் பயம், அடைத்துவைக்கவும் பாவமாக இருக்கிறது.

சமையலறைக்கு வெளியே வடக்குப் பார்த்த வெராண்டா ஒன்று இருக்கிறது. மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், சிமெண்டுத் தரை. அதைச் சுற்றிலும் மேலும் கம்பிவலை அடித்துப் பூனைகளுக்குக் கொடுத்துவிடலாமா என்று நினைக்கிறோம். ஆங்கிலத்தில் கேட்டியோ என்கிறார்கள். நான் பூனைமுற்றம் என்று சொல்லிக்கொள்கிறேன். என் அம்மா இதைக் கேட்டதும், "சிறைக்குள்ளே ஒரு சிறையா?" என்றார். கட்டியவர்கள் யாராவது இருந்தால் உங்கள் பூனைகள் அதை ஏற்றுக்கொண்டனவா என்று சொல்லுங்கள். குரங்குத் தொல்லையும் இங்கே அதிகம்.

டோங்காட் தாத்தா | ஞாயிறு மதியம்

மகளே, கருப்பன் போனதைப் படித்து வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் உன் அம்மா சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

என் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். 1860இல் மதராஸிலிருந்து முதல் கப்பல் ட்ரூரோ வந்தபிறகு, அடுத்தடுத்து வந்தவர்களில் ஒருவர். லைன் வீடுகளில் எலி அதிகம். எலி இருந்தால் பாம்பு வரும். ஆகையால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பூனை இருந்தது. சோற்றில் கொஞ்சம் மீன் குழம்பைப் பிசைந்து வைப்பார்கள், மற்றபடி அது தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். நாய் வீட்டுக்குக் கட்டுப்பட்டது, பூனை தன் காலுக்குக் கட்டுப்பட்டது என்று என் பாட்டி சொல்வார். இன்றும் என் வீட்டில் நான்கு பூனைகள் இருக்கின்றன. கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். மதில்மேல் நடக்காத பூனை என்ன பூனை?

நீ கட்டக்கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கட்டும்முன் இதையும் நினைத்துப் பார் என்கிறேன்.

பால்மியட்கரை | ஞாயிறு மாலை

தாத்தா, உங்கள் மேல் மரியாதையோடு சொல்கிறேன். எங்கள் தெருவில் எல்லா மதிலின் மேலும் மின்வேலி ஓடுகிறது.

கால்நடைத் தாதி | ஞாயிறு இரவு

பைன்டவுன் பக்கம் ஒரு கால்நடை மருத்துவமனையில் பதினொரு ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். இதில் நான் நடுநிலையாகப் பேசப்போவதில்லை. கட்டுங்கள் அக்கா, இந்தக் குளிர்காலத்திலேயே கட்டுங்கள்.

வெளியே திரியும் பூனைகள் எங்கள் மேசைக்கு எப்படி வருகின்றன என்று சொல்கிறேன். வண்டியில் அடிபட்டவைதான் என் கையில் அதிகம் வந்திருக்கின்றன. அடுத்தது சண்டைக் கடி. மேலே ஊசித்துளை அளவு காயம்தான் தெரியும். நான்காம் நாள் உள்ளே சீழ் கட்டி, காய்ச்சலோடு கொண்டுவருவார்கள். அந்தக் கடியின் வழியாகத்தான் பூனைகளின் நோயெதிர்ப்பைக் கெடுக்கும் வைரஸும் பரவுகிறது. அதற்கு மருந்து கிடையாது. உண்ணி கடித்து வரும் பிலியரி என்ற நோய் நாய்களுக்கு மட்டும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கடலோரத்தில் பூனைகளுக்கும் வரும்; ஈறு வெளுத்து, சாப்பிடாமல் மூலையில் சுருண்டுகொள்ளும். கோடையில் நைட் ஆடர் என்ற விஷப்பாம்பு கடித்து முகமோ முன்காலோ வீங்கி வருபவை தனி. பூனைதான் பாம்பை முதலில் சீண்டும், தேரையைப் பார்ப்பதுபோல் அதையும் விளையாட்டுப் பொருளாகப் பார்க்கும்.

சுந்தரி வயிற்றை நக்கி முடியை இழப்பதை லேசாக விடாதீர்கள். முதலில் தோல் நோய், ஒவ்வாமை, சிறுநீர்ப்பை வலி எதுவும் இல்லை என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அவை இல்லை என்றால் மன அழுத்தமாக இருக்கலாம். பூனைக்கு வேண்டியது பரந்த நிலம் என்று நான் நினைக்கவில்லை. பார்க்க அசையும் பொருள், முகர மாறும் காற்று, ஏற உயரம், ஒளிய ஒரு மூலை, இவற்றோடு உள்ளே போகவா வெளியே வரவா என்று தானே முடிவு செய்யும் உரிமை. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் உங்கள் அம்மா சொன்னது உண்மையாகிவிடும். பூனையைத் தூக்கிக்கொண்டுபோய் வலைக்குள் விட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். சமையலறைக் கதவிலோ ஜன்னலிலோ, பூனை தானே மடலைத் தள்ளிப் போய்வரும் ஒரு பூனைக்கதவு வையுங்கள்.

இன்னொன்று. முற்றம் கட்டியதும் தடுப்பூசியை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் நாய்க்கு மட்டுமின்றிப் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். மூன்று மாதத்தில் ஒன்று, அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது. நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் வெறிநோய் இன்னும் நாய்களிடையே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆண்டுதோறும் போடச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. வலைக்கு அப்பால் எது மூக்கை நீட்டும் என்று சொல்ல முடியாது.

மேசைமலை நிலா | திங்கள்

கேப் டவுனிலிருந்து எழுதுகிறேன். பச்சோந்தியைப் பற்றி நீங்கள் எழுதியது மனத்தைப் பிடித்துக்கொண்டது. இங்கே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனைகளின் கழுத்தில் சிறிய காமிரா கட்டிவிட்டுப் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்த அந்த ஆய்வின் கணக்கு இது: நகரத்தில் இருக்கும் ஏறக்குறைய 3 லட்சம் வீட்டுப் பூனைகள் ஆண்டுக்கு 2 கோடியே 75 லட்சம் உயிர்களைக் கொல்கின்றன. ஒரு பூனைக்குச் சராசரி 90. அதில் அவை வீட்டுக்குக் கொண்டுவருவது 18 விழுக்காடு மட்டும். மீதி எல்லாம் புதரிலேயே முடிந்துவிடுகிறது. "என் பூனை எதையும் பிடிப்பதில்லை" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். அந்த 18ஐப் படித்த பிறகு அப்படிச் சொல்வதில்லை.

எங்கள் மலையடிவாரத்தில் ஆபத்து மறுபக்கமும் இருக்கிறது. கேரகல் என்ற காட்டுப்பூனை மலையிலிருந்து இறங்கி வருகிறது. அதன் உணவில் வீட்டுப் பூனையும் சேர்ந்திருப்பதை இங்குள்ள ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அது தன் ஊரில் இரை தேடுகிறது, அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் என் பூனையை உள்ளே வைத்துக்கொண்டால் போதும். நான்கு ஆண்டுகளாக என் இரண்டு பூனைகளும் வலைமுற்றத்தில்தான். மழை பெய்யும்போதும் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன.

டோங்காட் தாத்தா | திங்கள் இரவு

2 கோடியே 75 லட்சம் என்பதை என் மகனை விட்டு இரண்டு முறை படிக்கச் சொன்னேன். எலியும் அதில் சேர்த்தியா அம்மா?

மேசைமலை நிலா | திங்கள் இரவு

சேர்த்திதான் தாத்தா. ஆனால் காமிராவில் அதிகம் பதிவானவை பல்லி, ஓணான் போன்ற ஊர்வனதான். எலிக்கு நல்ல பொறியும் மூடிய குப்பைத்தொட்டியும் போதும்.

ஃபீனிக்ஸ் தச்சன் | செவ்வாய்

அக்கா, நான் தச்சு வேலை செய்பவன். கோழிக்கூடு, நாய்க்கூண்டு, பூனைமுற்றம் எல்லாம் கட்டியிருக்கிறேன். என்ன செய்தால் நிற்கும், என்ன செய்தால் விழும் என்று என் தவறுகளிலிருந்தே சொல்கிறேன்.

முதலாவது வலை. கோழிவலை வேண்டாம். அறுகோணக் கண்ணி போட்ட அந்த மெல்லிய வலை கோழியை உள்ளே வைக்கும், குரங்கை வெளியே வைக்காது. ஒரு பெரிய குரங்கு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் முறுக்கு பிரிந்துவிடும். வெல்டட் மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை, வாங்குங்கள்; கண்ணி 25 மில்லிமீட்டருக்கு 25, கம்பி 2 மில்லிமீட்டர், துத்தநாகம் பூசியது. 50 மில்லிமீட்டர் கண்ணியை மலிவு என்று கடையில் தள்ளிவிடுவார்கள். பூனைக்குட்டியின் தலை அதில் நுழைந்து மாட்டிக்கொள்ளும், குரங்கின் கை முழங்கை வரை உள்ளே வரும்.

இரண்டாவது, வலையை அடிக்கும் முறை. யூ ஆணியை மட்டும் நம்பாதீர்கள். பூனை உள்ளிருந்து தள்ளும், குரங்கு வெளியிலிருந்து இழுக்கும். இரண்டும் ஒரே திசை! மழையில் மரம் ஊறி, வெயிலில் காய்ந்து, ஆணி தானாகவே அரை அங்குலம் வெளியே வந்திருக்கும். வலையின் ஓரத்தைச் சட்டத்தின் மேல் வைத்து, அதன்மேல் ஒரு பட்டைச் சட்டத்தைப் போட்டு, திருகாணியால் இறுக்குங்கள். வேலை இரட்டிப்பு, ஆனால் பத்து வருடம் பார்க்க வேண்டியதில்லை.

மரத்துக்கு எச்2, எச்3, எச்4 என்று முத்திரை இருக்கும். எச்2 வீட்டுக்குள் கூரைக்கு. வெளியே தரைக்கு மேல் நிற்பதற்கு எச்3, மண்ணில் புதைக்க எச்4. பச்சை சாயம் ஏறிய அந்தப் பைன் மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். ஆகவே பூனை நகம் தீட்டும் இடத்தில் அந்த மரம் கையில் படாதபடி கயிறு சுற்றிவிடுங்கள், மீதிக்கு இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள்.

உங்களுக்குச் சிமெண்டுத் தரை இருப்பது பெரிய வசதி. வெறும் மண்ணில் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: டர்பனின் சிவப்பு மணல் காய்ந்திருக்கும்போது கல்போல் நிற்கும், நன்றாக ஊறினால் அப்படியே அமர்ந்துவிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நான் சரிவில் கட்டிக்கொடுத்த ஒரு முற்றம் தூணோடு போய்விட்டது. பூனைகள் அப்போது வீட்டுக்குள் இருந்தன. அந்த இரவில் நானூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போன ஊர் இது. ஒரு கூண்டைப் பற்றிப் பேசவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு சரிவில் தூண் புதைப்பதை விட்டுவிட்டேன். வீட்டுச் சுவரில் பிடிமானம், கீழே தண்ணீர் ஓட வழி, இந்த இரண்டும் இல்லாமல் வேலையை ஒப்புக்கொள்வதில்லை.

கதவு இரண்டு வையுங்கள். முற்றத்திலிருந்து தோட்டத்துக்குப் போகும் கதவைத் திறந்தால் உடனே தோட்டம் வரக்கூடாது. இடையில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்குச் சிறிய கூண்டு, அதற்கு இன்னொரு கதவு. இடம் இல்லை என்றால் தோட்டத்துக் கதவே வேண்டாம், சமையலறை வழியாக மட்டும் போய் வாருங்கள்.

அனுமதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தேசியக் கட்டட விதிகளில் 20 சதுர மீட்டருக்கு மேற்படாத பறவைக்கூண்டு சிறு கட்டட வேலையாகக் கணக்காகிறது. பூனைக்கு என்று தனியாக ஒரு வரி இல்லை. ஆகவே ஒரு தாளில் அளவோடு வரைந்து மாநகராட்சியின் கட்டட அலுவலரிடம் காட்டி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டை விற்கும் நாளில் அந்தத் தாள் உதவும்.

அம்ஷ்லாங்கா ஆறாம் மாடி | புதன்

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்காக என் கதையையும் சேர்க்கிறேன். ஆறாம் மாடியில் கடலைப் பார்த்த பால்கனி. என் பூனை கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று புறாவைப் பார்த்த அன்று எனக்கு இரத்தம் உறைந்துவிட்டது. பூனை எப்படி விழுந்தாலும் காலில் நிற்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். 1987இல் நியூயார்க் கால்நடை மருத்துவர்கள் மாடியிலிருந்து விழுந்து தங்களிடம் வந்த 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். அவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன என்பதைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். கொண்டுவரப்பட்டவை மட்டுமே அந்தக் கணக்கில் இருக்கின்றன. தரையிலேயே முடிந்துபோனதை யாரும் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடமாட்டார்கள் அல்லவா? பிழைத்தவற்றுக்கும் நெஞ்சிலும் தாடையிலும் அடி.

பால்கனிக்கு வலை போட நிர்வாகக் குழுவிடம் கேட்டேன். கட்டடத்தின் தோற்றம் கெடும் என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். எனக்கு வழி காட்டியது சட்டத்தின் வாசகம்தான். 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த செக்‌ஷனல் டைட்டில் எனப்படும் அடுக்குமாடி வீட்டுரிமைக்கான நிர்வாகச் சட்டத்தோடு சேர்ந்த நடத்தை விதிகளில், பாதுகாப்புக் கம்பி, விலங்கோ பூச்சியோ உள்ளே வராமல் தடுக்கும் திரை போன்றவற்றை உரிமையாளர் பொருத்தலாம் என்று இருக்கிறது. வடிவம், நிறம், பொருள் ஆகியவற்றுக்குக் குழுவின் எழுத்துச் சம்மதம் வேண்டும், உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். செல்லப்பிராணி வளர்க்கும் அனுமதியையும் நியாயமின்றி மறுக்கக்கூடாது என்கிறது. ஆகவே சண்டைக்குப் போகாமல், ஜன்னல் சட்டத்தின் அதே கரும்பழுப்பு நிறத்தில் ஒரு மாதிரித் துண்டு செய்து, படமும் இணைத்து மீண்டும் விண்ணப்பித்தேன். இரண்டாம் முறை சம்மதம் வந்தது. அப்போதும் மறுத்திருந்தால் இப்படிப்பட்ட கூட்டுக் குடியிருப்புகளுக்கான குறைதீர்ப்பு அமைப்பிடம் போக வழி இருக்கிறது.

கடலோரத்தில் சாதாரணத் துத்தநாகப் பூச்சு நிற்காது. என் முதல் வலை இரண்டாம் ஆண்டிலேயே முனைகளில் செந்துருவாகி, தொட்டால் உதிர்ந்தது. இப்போது 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. 304 மலிவு, ஆனால் உப்புக்காற்றில் அதுவும் பழுப்புப் புள்ளி போடும். நைலான் வலை கண்ணுக்குத் தெரியாமல் அழகாக இருக்கும். குரங்கு வரும் கட்டடத்தில் அது ஒரு மதியம்கூடத் தாங்காது. ஆம், ஆறாம் மாடிக்கும் குரங்கு வருகிறது.

பால்மியட்கரை | புதன் இரவு

எல்லோருக்கும் நன்றி. தச்சன் தம்பி, பட்டைச் சட்டம் போடும் யோசனையை என் கணவரிடம் காட்டினேன். உடனே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குரங்கைப் பற்றித்தான் இன்னும் மனம் அடங்கவில்லை. எங்கள் பக்கம் வரும் குரங்குக் கூட்டத்தில் முப்பது இருக்கும். பூனை வலைக்குள் மாட்டிக்கொண்டு, அவை சுற்றி நின்றால் என்ன ஆகும்?

சாட்ஸ்வர்த் செம்பருத்தி | வியாழன்

அக்கா, எங்கள் வீட்டில் ஐந்து ஆண்டு அனுபவம். வெர்வெட் குரங்கு பூனையைத் தேடி வருவதில்லை, சாப்பாட்டைத் தேடி வருகிறது. முற்றத்தில் ஒரு நாளும் தீனித் தட்டு வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் வையுங்கள், அதுவும் வலையிலிருந்து கை எட்டாத தூரத்தில். பக்கத்தில் வாழை, பப்பாளி பழுத்திருந்தால் முன்னதாகவே பறித்துவிடுங்கள். பூஜை முடிந்து வாசலில் வைத்த வாழைப்பழத்துக்காக வந்த கூட்டம் என் முற்றத்துக் கூரையில் அரை நாள் உட்கார்ந்திருந்தது.

குட்டி வைத்திருக்கும் தாய்க்குரங்கு பயந்தால்தான் கடிக்கும். அந்த நேரத்தில் பூனைக்கு ஓட வழி வேண்டும். பூனைக்கதவைப் பகலில் பூட்டக்கூடாது. என் பூனை முதல் வாரம் குரங்குச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் பாய்ந்துவிடும். இப்போது மேல்தட்டில் படுத்தபடி பார்க்கிறது. ஆனால் பூனைக்கதவு பெரிதாக இருந்தால் குட்டிக்குரங்கு அதன் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்; எனவே வலை முழுமையாக மூடியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். இன்னொரு வேண்டுகோள்: கல், கவண், பெல்லட் துப்பாக்கி எதுவும் எடுக்க வேண்டாம். அவை நமக்கு முன்பே இங்கே இருந்தவை, சட்டமும் அவற்றைப் பாதுகாக்கிறது.

டோங்காட் தாத்தா | வியாழன்

முத்து வெள்ளைப் பூனை என்று எழுதியிருந்தாய் மகளே. அதைப் படித்ததிலிருந்து ஒன்று சொல்லவேண்டும் என்று இருக்கிறது.

எனக்கும் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது, மல்லி என்று பெயர். நாள் முழுவதும் மாட்டுக் கொட்டகைத் தகரத்தின் மேல் வெயில் காயும். ஒரு கோடையில் காதுமுனை சிவந்து பொருக்கு தட்டியது. சண்டைக் காயம் என்று மஞ்சள் தடவினேன். ஆறவில்லை. மருத்துவரிடம் கொண்டுபோனபோது புற்று என்றார். வெள்ளைப் பூனையின் காதிலும் மூக்கிலும் நிறம் கிடையாது, இந்த நாட்டு வெயில் அதைப் பொசுக்கிவிடுகிறது என்று விளக்கினார். இரண்டு காதையும் எடுத்தார்கள். பிறகு மூன்று ஆண்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் முன்பே நிழல் செய்திருந்தால் காது போயிருக்காது.

நீ கட்டுகிறாய் என்றால் கூரையில் பாதிக்காவது நிழல் போடு. வடக்குப் பார்த்த வெராண்டா என்றாயே, அங்கேதான் வெயில் அதிகம்.

ஃபீனிக்ஸ் தச்சன் | வியாழன் இரவு

தாத்தா சொன்னது மிகச் சரி. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள்: தெற்குப் பக்கம் வெயில் என்று நினைத்து அங்கே நிழல் போடுகிறார்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 பாகையில் இருக்கிறோம். ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கே 37 பாகை உயரத்தில் தாழ்ந்து நிற்கும். டிசம்பரில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிடும். ஆகவே வடக்கு வெராண்டாவின் கூரையை அறுபது சென்டிமீட்டர் முன்னே நீட்டினால் கோடை வெயில் உள்ளே விழாது, குளிர்கால வெயில் தரைவரை வரும். மேற்குப் பக்கத்துக்குத்தான் 80 விழுக்காடு நிழல்வலை கட்டவேண்டும். மாலை வெயில் சாய்வாக வருவதால் கூரை அதைத் தடுக்காது.

கால்நடைத் தாதி | வெள்ளி

முத்துவின் காதுமுனையில் சிறு பொருக்கு வந்தாலும் காத்திருக்காமல் காட்டுங்கள். தொடக்கத்தில் வெட்டினால் பெரும்பாலும் அதோடு முடியும்.

செடி வைப்பவர்களுக்காக எழுதுகிறேன். லில்லியை முற்றத்திலும் வேண்டாம், வீட்டுக்குள் பூச்சாடியிலும் வேண்டாம். இலை, பூ, மகரந்தம், சாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கியே இறந்த பூனையைப் பார்த்திருக்கிறேன். அரளியும் சைக்கஸும் கூடாது. துளசி வைக்கலாம். ஸ்பெக்பூம் என்ற சதைப்பற்றுச் செடியும் வைக்கலாம், பூனை கடித்தாலும் கேடில்லை. ஒரு தட்டில் கோதுமை தூவி முளைக்கவிட்டால் ஒரு வாரத்தில் புல் வந்துவிடும், அதைவிட அவற்றுக்குப் பிடித்தது எதுவும் இல்லை.

பாம்பை 25 மில்லிமீட்டர் வலை முழுதாகத் தடுக்காது. கீழிருந்து முழங்கால் உயரத்துக்கு 6 மில்லிமீட்டர் கண்ணி வலையை இன்னொரு அடுக்காக அடியுங்கள். விஷம் துப்பும் நாகம் வலைக்கு வெளியிலிருந்தே துப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள். பூனையின் கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை நிறைய விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு வாருங்கள். பச்சையாக மெலிந்து கரும்புள்ளியோடு ஓடுவதெல்லாம் மாம்பா இல்லை, அநேகமாக அது விஷமற்ற புதர்ப்பாம்பு. ஆனாலும் நீங்களே கிட்டப்போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பாம்பு பிடிப்பவரை அழையுங்கள்.

தீபாவளி இரவும் நவம்பர் 5 கை ஃபாக்ஸ் இரவும் மட்டும் பூனைக்கதவைப் பூட்டி உள்ளேயே வைத்திருங்கள். பயந்த பூனை வலையில் மோதி நகத்தைப் பிய்த்துக்கொள்ளும்.

பால்மியட்கரை | ஏழு வாரம் கழித்து

கட்டி முடித்துவிட்டோம். தாமதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள். கட்டட அலுவலரின் பதிலுக்காகக் காத்திருந்ததில் இரண்டு வாரம் போனது.

வலையும் மரமும் திருகாணியும் பாதிக் கூரைக்குப் பாலிகார்பனேட் தகடும் சேர்த்து 7,400 ரேண்ட் ஆயிற்று. கூலி இல்லை, என் கணவரும் தம்பியும் நான்கு சனிக்கிழமை செய்தார்கள். பூனைக்கதவைச் சமையலறை ஜன்னலின் கீழ்ப்பலகையில் பொருத்தினோம். தரையிலிருந்து ஐந்து தட்டுகள், முப்பது சென்டிமீட்டர் அகலம், படிபோல் மாறிமாறி. மேல்தட்டு கூரைநிழலுக்குள் வருமாறு வைத்தோம், முத்துவுக்காக.

முத்து முதல் நாளே போய் எல்லா மூலையையும் முகர்ந்துவிட்டு மூன்றாம் தட்டில் படுத்துக்கொண்டான். சுந்தரி ஐந்து நாள் பூனைக்கதவின் பக்கமே போகவில்லை. மடலை நாடாவால் மேலே தூக்கிக் கட்டிவிட்டுத் திறந்த துவாரமாக விட்டோம். ஆறாம் நாள் விடியலில் அவள் ஜன்னலைப் பிறாண்டும் சத்தம் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். மேல்தட்டில் வாலைக் காலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலிக்கு அப்பால் ஹாடிடா பறவைகள் இரண்டு புல்லைக் கிண்டிக்கொண்டிருந்தன. நான் நின்றதை அவள் கவனிக்கவே இல்லை. மருத்துவர் பார்த்தபோது தோல் நோய் ஒன்றும் இல்லை என்றார். இப்போது அவள் வயிற்றில் மெல்லிய முடி முளைத்திருக்கிறது. என் அம்மா காலை காப்பியை அங்கே நாற்காலி போட்டுக் குடிக்கிறார். சிறை என்ற பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தாத்தாவுக்கு: வேலிச் செடியில் நேற்று ஒரு பச்சோந்தியைப் பார்த்தேன். பழையதைவிடச் சிறியது.

இனி சிக்கல். நான்கு நாட்களுக்கு முன் குரங்குக் கூட்டம் வந்தது. செம்பருத்தி சொன்னபடி தீனி எதுவும் வைக்கவில்லை, ஆகவே பெரியவை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போய்விட்டன. இளசு ஒன்று மட்டும் கதவருகே உட்கார்ந்து தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. முதல் கதவைத் திறந்தேவிட்டது! இரண்டாம் கதவு இருந்ததால் பூனைகள் தப்பின. தச்சன் தம்பி, இரண்டு கதவு வைக்கச் சொன்னதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்தத் தாழ்ப்பாளுக்கு என்ன செய்யலாம்?

ஃபீனிக்ஸ் தச்சன் | அன்றே

நகர்த்தும் தாழ்ப்பாளை அது பார்த்துப் பழகிவிட்டது அக்கா, இனி தினமும் முயலும். அதை எடுத்துவிட்டுக் கொண்டியும் வளையமும் போட்டு, வளையத்தில் மலையேறுபவர்கள் பயன்படுத்தும் திருகுக் கொக்கியை மாட்டுங்கள். திருகிப் பூட்டும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், அழுத்தினால் திறப்பது வேண்டாம். இரண்டு கதவுக்கும் போடுங்கள். கீழே இன்னொன்று, குரங்கு மேலிருப்பதைத்தான் முதலில் தேடும்.

டோங்காட் தாத்தா | மறுநாள் காலை

என் பூனைகள் திறந்தே இருக்கட்டும் மகளே, அவை கிழடுகள், நான்கும் கருத்தடை செய்தவை, கொட்டகையைத் தாண்டிப் போவதில்லை. ஆனால் என் பேத்தி வெருலத்தில் ஒரு வெள்ளைக் குட்டி வாங்கியிருக்கிறாள். அந்தக் கூரை நீட்டலின் அளவை ஒரு தாளில் வரைந்து படமாகப் போடு. தட்டுகளின் இடைவெளியையும் குறித்துவிடு.

பால்மியட்கரை | மறுநாள் மாலை

இன்றிரவு வரைந்து போடுகிறேன் தாத்தா. தட்டுக்குத் தட்டு நாற்பது சென்டிமீட்டர் வைத்தோம். குட்டிக்கு முப்பது போதும்.